ஏட்டியம்மாள்

மாயகிருஷ்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. ஆட்டிடம் பேசுவார். ஆடு புகுந்து மேய்ந்த வயல்காரனிடம் சண்டைக்குப் போவார், போன இடத்தில் அவன் மகள் படிப்பு வரைக்கும் விசாரித்துவிட்டு மோரும் குடித்துவிட்டு வருவார். விளாத்திகுளம் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, கோவில்பட்டி வந்து சேர்வதற்குள் அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய்வந்துவிடுவார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்காலில் வலி வந்துவிட்டது, பேச்சுக்கு மட்டும் ஒரு நோவும் வரவில்லை. இடது புருவத்துக்கு மேலே அவருக்கு ஒரு தழும்பு உண்டு. ரெண்டு வயதில் கிடாய் முட்டியது. அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். வருசத்துக்கு வருசம் அந்தக் கிடாயின் கொம்பு நீண்டுகொண்டே போனது.

இத்தனை பேச்சுக்காரர் எந்த விஷயத்தையும் முதலில் சொல்வது அக்காவிடம்தான்.

அக்கா சாமி அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தாள். ஆளாகும் முன்னே செத்துப்போன பெண்பிள்ளையை அந்தப் பக்கத்தில் கன்னி என்று வீட்டோடு வைத்துக் கும்பிடுவார்கள். பெட்டிக்குள் ஒரு பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, ஒரு போட்டோ. பங்குனி மாதம் பொங்கல் வைத்துப் புதுப் பாவாடை படைத்து, பழையதை யாராவது சின்னப் பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். மாயகிருஷ்ணனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது நடக்கிறது. ஆடு வாங்கப் போனாலும், போர் போட ஆள் வந்தாலும், "அக்கா, இப்படி ஒரு சோலியா போறேன், பாத்துக்கோ" என்று பெட்டியிடம் சொல்லாமல் படி இறங்கமாட்டார். கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் கிடையாது. அப்பா சுடலைக்கண்ணு அவருடைய எட்டு வயதில் போய்விட்டார்.

போட்டோ பழைய கறுப்பு வெள்ளை. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று பூச்சடை தெரிய நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கும். பாவாடை காலையும் மூடித் தரையில் கிடக்கும். வளருகிற பிள்ளை என்று பெரிதாகத் தைத்திருப்பார்கள் என நினைத்துக்கொள்வார்.

"அக்காவுக்கு இம்புட்டு அழகா ஒரு படம் எடுத்திருக்கே, எனக்குச் சின்னதுல ஒண்ணு எடுத்தியா நீ?" என்று அம்மா சங்கரம்மாளிடம் எத்தனையோ தரம் சடைத்திருக்கிறார். அவள் சிரிப்பாள். அக்கா பேர் என்னம்மா என்று கேட்டால் சிரிப்பும் நின்றுபோகும்.

"கன்னிக்கு எதுக்குப் பேரு? கும்புட்டுக்கோ" என்பாள். அதற்கு மேல் அவளிடம் ஒரு வார்த்தை பெயராது. அவளும் போய்ச் சேர்ந்து பத்து வருசம் ஆகிவிட்டது.

அம்மாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தெற்கே ஆண்பிள்ளையை ஏலே என்று கூப்பிடுவார்கள், பெண்பிள்ளையை ஏட்டி என்று கூப்பிடுவார்கள். சங்கரம்மாள் தன் ஒரே மகனை ஏட்டி என்றாள். தெருவில் வைத்துக் கூப்பிட்டாள், கோயிலில் வைத்துக் கூப்பிட்டாள், ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "ஏட்டி, சோத்த மறந்துட்டுப் போயிட்டியே!" என்று சத்தம் போட்டாள். அன்றிலிருந்து அவர் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை பையன்களுக்கு 'மாயக்கா'. அடிதடியாகி, ரெண்டு சிலேட்டு உடைந்து, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, "இனி அப்படிக் கூப்பிட்டா வீட்டவிட்டே போயிருவேன்" என்று கத்தினார். அவளும் வெளியில் விட்டுவிட்டாள். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்து நெற்றியில் கை வைக்கிறபோது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும்கூட, "என்னட்டி செய்யுது?" என்றுதான் அவள் வாயில் வரும்.

இப்போது மகள் இந்துஜாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஓட்டப்பிடாரம். பத்திரிகையில் போட அவர்கள் எழுதி அனுப்பிய பெயர்களில் அத்தைமார் மட்டும் ஐந்து பேர். பெண் வீட்டுப் பக்கத்தில் மாமன்மார் வரிசை நிறைந்துவிட்டது, மனைவி செண்பகவல்லிக்கு அண்ணன் தம்பிக்குக் குறைவில்லை. 'அத்தை' என்று போட்ட இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

"அந்த வரியையே எடுத்திருவோம். இல்லாததுக்கு என்ன செய்ய?" என்றாள் செண்பகவல்லி.

"யாரு இல்லன்னது? எம்மவளுக்கு அத்தை உண்டு" என்றார் மாயகிருஷ்ணன்.

"சரி, உண்டு. பேரச் சொல்லுங்க, எழுதுவோம்."

மாயகிருஷ்ணன் சாமி அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தார். தினமும் பேசுகிற அக்காவுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. தன் பிள்ளை கல்யாணப் பத்திரிகையில் கூடப்பிறந்தவள் பெயர் இல்லாமல் போனால் அவளை ரெண்டாம் தரம் மண்ணில் வைத்த மாதிரி என்று பட்டது. கோவில்பட்டியில் அச்சகம் வைத்திருக்கும் செல்லத்துரைக்குப் போன் போட்டு, அத்தை வரி அப்படியே கிடக்கட்டும், பேரோடு வருகிறேன் என்றார்.

"சீக்கிரம் வாரும் அண்ணாச்சி. வைகாசிக் கூட்டம் மொத்தமும் என் தலையில நிக்கி" என்றார் செல்லத்துரை.

முதலில் தங்கள் ஊர்க் கணக்கைத் தேடினார். பழைய பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் தாலுகா ஆபீஸில் இருந்தது. அங்கே இருந்தவர் நல்ல மனுசன்.

"பிள்ளை பேரு?"

"அதத்தான் தேடிட்டு வந்திருக்கேன்."

"சரி, எந்த வருசம்?"

"நான் பொறக்கதுக்கு முன்ன."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மாயகிருஷ்ணனை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் பத்து வருசத்துக் கணக்கை எடுத்துப் புரட்டினார். சுடலைக்கண்ணு மகன் மாயகிருஷ்ணன் பிறந்தது இருந்தது. சுடலைக்கண்ணு மகள் என்று ஒரு பிள்ளை பிறந்ததும் செத்ததும் எங்குமே இல்லை. பழைய நாளில் எல்லாரும் வந்து எழுதிவைக்க மாட்டார்கள் என்று அவர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

ரெண்டு நாள் மாயகிருஷ்ணன் ஆட்டிடமும் இதையே புலம்பிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் கிழக்கே இருந்து நிலம் வைத்திருக்கும் ஒரு சம்சாரி கிடை பேச வந்தார். பருத்தி எடுத்து முடிந்த கரிசலில் ஆடுகளை ராத்திரி அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குப் பெயர்தான் கிடை. இப்போது மாயகிருஷ்ணனுக்கு மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற அளவுக்கு நிலம் இருக்கிறது, கிடைக்கு அதிகம் போவதில்லை. அப்பா காலத்தில் அதுதான் பிழைப்பு.

"பங்குனி பொறந்துட்டு. இந்நேரம் ஒங்க அப்பா இருந்தா கூப்பிடாமலே கிழக்க வந்திருப்பாவ" என்றார் வந்தவர்.

மாயகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. அக்காவுக்குப் படைப்பது பங்குனியில். அவள் போன மாதம் அது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பங்குனியில் அப்பாவும் அம்மாவும் எந்த வருசம் ஊரில் இருந்தார்கள்? பானை சட்டியோடு, பிள்ளை குட்டியோடு கிடை போன இடத்திலல்லவா கிடந்தார்கள்! அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் தலையெடுத்துத் தனியாகக் கிடை பேசத் தொடங்கியபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எங்க வேணும்னாலும் போ. கருங்காட்டூர்ல மட்டும் கிடை போடாத." அந்த ஊர்க்காரன் எவனோ கூலி தராமல் ஏமாற்றியிருப்பான் என்று நினைத்து, கருங்காட்டூர்க்காரர்களை எங்கே பார்த்தாலும் இத்தனை காலமும் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு விளாத்திகுளம் போனார். கருங்காட்டூர் பதிவு அங்கே இருந்தது. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கப்பாண்டி, மனு எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டோடு வந்தார். தாள் தொட்டால் உதிர்ந்தது. ஊதா மை வெளுத்திருந்தது. விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஒரு பங்குனி மாதத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, சுடலைக்கண்ணு, தொழில் ஆட்டுக் கிடை. இவியளா பாருங்க. பெண் பிள்ளை. காய்ச்சல்ல போயிருக்கு. தகவல் சொன்னது தாய்னு இருக்கு. பேருதான் ஒரு தினுசா கெடக்கு."

"என்ன பேரு?"

"ஏட்டியம்மாள்."

மாயகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே படித்தார். ஏட்டியம்மாள்தான். எழுதினவர் கையெழுத்து முத்து மாதிரி இருந்தது, வேறு எதுவாகவும் வாசிக்க வழியில்லை.

"இப்படியும் ஒரு பேரு வைப்பாவளா அண்ணாச்சி?" என்றார் தங்கப்பாண்டி. "வயசு ஏழுன்னு போட்டுருக்கு."

"ஏழா?" மாயகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுதான் எங்க அக்கா."

தங்கப்பாண்டி பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு மூணு வயசு இருந்தா அதிகம். மூணுல படம் எடுத்து ஏழுல போயிருக்கலாம். இல்ல, இது வேற பிள்ளையாவும் இருக்கலாம். கிடை போட்டு அலையுத சுடலைக்கண்ணு இந்த ஜில்லாவுல ஒருத்தர்தானா இருந்திருப்பாவ?"

நகல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் அதை மடிப்பதும் விரித்துப் பார்ப்பதுமாக வந்தார். கிடைத்ததா கிடைக்கவில்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்று வயசு முகம்தானே அவருக்குப் பழக்கம். மூன்றில் படம் எடுத்தவர்கள் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கதைகூடவா மிச்சம் வைக்கமாட்டார்கள்?

வீட்டில் செண்பகவல்லி மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் நகலைப் படித்துக் காட்டினார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள்.

"யாரு சொல்லி எழுதுனதுன்னு போட்டுருக்கு?"

"தாய்."

"அப்பம் இது நம்ம பிள்ளைதான்" என்றாள் செண்பகவல்லி. "மூத்த பொண்ணுக்கு யாரு பேர வைப்பாவ நம்ம வீட்டுல?"

"அப்பனப் பெத்தவ பேர."

"ஒங்க அப்பனப் பெத்தவிய பேரு?"

"வேலம்மா."

"ஒங்க அம்மைக்கு அவிய என்ன வேணும்?"

"மாமியா."

"மாமியா பேரச் சொல்லி எந்த மருமவ பிள்ளையக் கூப்பிடுவா? இந்துஜாவுக்கு மொதல்ல காதுல ஓதுன பேரு எது?"

"எங்க அம்மை பேரு. சங்கரம்மா."

"நான் ஒருநாள் அந்தப் பேரச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொல்ல முடியாதுன்னுதான, பள்ளிக்கூடத்துல சேக்கையில இந்துஜான்னு ஒண்ணு கண்டுபிடிச்சேன். பாவம், அவியளுக்கு அப்படி ஒரு பேரு ஆப்பிடல. ஏட்டின்னே கூப்பிட்டு வளத்திருக்காவ."

மாயகிருஷ்ணன் மிளகாய்க் குவியலுக்கு எதிரே உட்கார்ந்தார். செண்பகவல்லி சொல்லச் சொல்ல அவருக்கு அது கண்முன்னே நடந்தது. ஊர் பேர் தெரியாத காட்டில் பிள்ளையைக் கிடத்திவிட்டு நிற்கிறாள் அம்மா. கணக்கு எழுதுகிறவர் வந்து பேர் என்ன என்கிறார். அந்த நேரத்திலும் மாமியார் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. 'ஏட்டி' என்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ, நல்லவர், செத்த பிள்ளைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு 'அம்மாள்' சேர்த்து எழுதிவிட்டுப் போகிறார்.

"அப்பம் என்னய ஏட்டி ஏட்டின்னு கூப்பிட்டது..." என்று தொடங்கினார். பிள்ளை பெயரை வெளியே விட்டுவிடாமல் அவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாள் அம்மா. அதைத்தான் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து அடம்பிடித்து நிறுத்தியிருக்கிறார். செண்பகவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மிளகாய்க் கை, கண்ணைத் துடைத்துவிட முடியாது.

அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். செல்லத்துரை கதை முழுவதையும் கேட்டுவிட்டு நகலைப் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"வேலம்மாள்னு போட்டுருவமா? இதப் போட்டா படிக்கவன் அச்சுப்பிழைன்னு என்னயல்லா ஏசுவான்."

"வேலம்மா எங்க அப்பத்தா. இந்தப் பிள்ளைய அந்தப் பேரச் சொல்லி அம்மை ஒருநாளும் கூப்பிடல. கூப்பிடாத பேருக்கு யாரு திரும்பிப் பாப்பா? ஏட்டியம்மாள்னே போடும். ஏசுனா என்கிட்ட அனுப்பும்."

"முன்னால அமரர்னு சேத்துக்கிடுதேன்."

"சேக்காதீரும். வருசா வருசம் புதுப் பாவாடை உடுத்துத பிள்ளை அது."

பத்திரிகையின் மேல் மூலையில் படத்தையும் போட வேண்டும் என்றார். வயசு இடிக்கிறது என்ற உறுத்தல் உள்ளே இருக்கத்தான் செய்தது, ஆனாலும் அவருக்குத் தெரிந்த அக்கா அதுதானே. செல்லத்துரை போட்டோவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கி, கீறல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இந்துஜா திடீரென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அத அழிச்சிராதீங்க. அது கீறல் இல்ல. அப்பா, இங்கன வாங்க."

இடது புருவத்துக்கு மேலே, சாய்வாக, ஒரு தழும்பு. இந்துஜா திரையில் அதைத் தொட்டாள். பிறகு திரும்பி, அதே விரலை அப்பாவின் புருவத்தில் வைத்தாள். சின்ன வயதில் மடியில் படுத்துக்கொண்டு தடவித் தடவி அவளுக்கு மனப்பாடமான தழும்பு அது.

செல்லத்துரைக்குப் புரிய நேரமாகவில்லை. குலதெய்வத்துக்கு முடி இறக்குவதற்கு முன்னால், ஆண்பிள்ளைக்கும் பாவாடை சட்டை போட்டு, பூச்சடை பின்னிப் படம் எடுத்து வைப்பது அந்த ஊரில் நடப்பதுதான். அவர் வீட்டிலேயே அவருடைய படம் அப்படி ஒன்று இருக்கிறது, மனைவி மக்கள் கேலிக்குப் பயந்து பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

"வேய், இது நீருல்லா!" என்றார்.

மாயகிருஷ்ணன் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். அறுபது வருசமாகக் கற்பூரம் காட்டி, ஆட்டு விலையிலிருந்து வயிற்று வலி வரைக்கும் அவர் அந்தரங்கமாகச் சொல்லிவந்தது அவரிடமேதான். அதுதான் அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பேச்சே வரவில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தவர் திரையில் முகத்துக்குக் கீழே பார்த்தார். பெரிதாக்கின படத்தில் இப்போது தெளிவாகத் தெரிந்தது. பாவாடையை இடுப்பில் ரெண்டு மூன்று மடிப்பாக மடித்துச் சொருகியிருந்தார்கள், அப்படியும் அது தரையில் புரண்டது. அவருக்குத் தைத்த பாவாடை இல்லை அது. ஏழு வயதுப் பிள்ளையுடைய பாவாடை.

அக்காவை யாரும் படம் எடுத்திருக்கவில்லை. கிடையோடு அலைந்த பிள்ளையை யார் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவார்கள்? அவள் போன பிறகு அம்மாவிடம் இருந்தது அந்தப் பாவாடை ஒன்றுதான். அடுத்துப் பிறந்தவனுக்கு அதை உடுத்தி, பூ வைத்து, மொட்டை போடுவதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, தன் மகளுக்கு ஒரு முகம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு ஒரு படம் எடுத்தியா என்று அவர் சடைத்தபோதெல்லாம் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அச்சகத்தில் நாலு பேர் பார்க்க மாயகிருஷ்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அம்மாவை நினைத்து அழுதார். அக்காவின் முகம் தனக்கு இனித் தெரியப்போவதே இல்லை என்றும் அழுதார். இந்துஜா அவர் கையை விடவே இல்லை.

செல்லத்துரை ஒரு காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "படத்த எடுத்திரட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

"எதுக்கு? அம்மை வச்சது வச்சபடி இருக்கட்டும். பாவாடை அவளுதுதான? அவ பேரையே கீழ போடும்."

போட்டார்கள். பத்திரிகை நன்றாக வந்தது. ஓட்டப்பிடாரத்துச் சம்பந்தி வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை நல்ல களை, அப்படியே உங்கள் ஜாடை என்றார். ஆமாம், கொஞ்சம் ஒத்துத்தான் இருப்போம் என்றார் மாயகிருஷ்ணன்.

முதல் பத்திரிகையை வழக்கப்படி கன்னிக்கு வைக்க வேண்டும், அந்த வருசத்துப் படைப்பும் பாக்கி இருந்தது. பாவாடை எடுக்கக் கோவில்பட்டியில் எப்போதும் போகிற கடைக்குப் போனார். வருசம் தவறாமல் வந்து போட்டோவின் அளவுக்கு மூன்று வயதுப் பாவாடை வாங்கிப்போகிறவர்தான். விற்பனைக்கு நின்ற பெண் பழக்கத்தில் அந்த அளவையே எடுத்து விரித்தாள்.

"இது பத்தாது தாயி" என்றார் மாயகிருஷ்ணன். "இத்தன வருசமும் சின்னதாவே எடுத்துட்டுப் போயிட்டேன். ஏழு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்க மாதிரி ஒண்ணு காட்டு. நல்ல பட்டுக்கரை போட்டதா இருக்கட்டும், வீட்டுல கல்யாணம்."

அவள் சிவப்பில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் உதறிப் பிடித்தாள். அவர் அதன் இடுப்பையும் இறக்கத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த உயரத்துக்கு ஒரு பிள்ளையை அவர் மனசு முதல் தடவையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கும் தாத்தா, எடுத்துக்கோங்க. பேத்திக்கா?"

"இல்ல தாயி. எங்க அக்காவுக்கு."